மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ்

எழுபது எங்கிருந்துதான் வந்து தொலைத்தது? நூற்றைந்துதான் எங்கிருந்து வந்தது? புரியாவிட்டால் போகட்டும், அந்தப் புரியாமைதானே வேடிக்கை, அதைச் சொல்லித்தானே இன்றைக்கு இந்தக் கூடத்தையே சிரிக்க வைக்கப் போகிறாள். ஆனாலும் வட்டார வள மையத்தின் நீளக் கூடத்தில், மூன்றாவது வரிசையில், மத்தியானம் கொடுத்த தக்காளிச் சாதம் இன்னும் நெஞ்சிலேயே நிற்க, காற்றை அடுத்த வரிசைக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சண்முகக்கனி டீச்சருக்கு அந்த எழுபது பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதையாக உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கணக்கு எடுக்கும் நாற்பது பேருக்குப் பயிற்சி. பயிற்சி என்றால் வழக்கமாக என்ன, காலையில் ஒரு கையெழுத்து, பதினொன்றரைக்கு ஒரு டீயும் வடையும், சாயங்காலம் ஒரு கையெழுத்து, நடுவில் யாராவது திரையில் எதையாவது ஓட்டுவார்கள், பின்வரிசைக்காரர்கள் மடியில் வைத்து விடைத்தாள் திருத்திக்கொள்வார்கள். ஆனால் இந்தத் தடவை கருத்தாளராக, அதாவது பயிற்சி கொடுப்பவராக, வந்திருந்த மீரான் சார் வேறு மாதிரி ஆள். முந்தாநாளே வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்: வருகிற ஒவ்வொருவரும் தன் வகுப்புப் பிள்ளை செய்த ஒரு தப்பைக் கொண்டுவர வேண்டும், சும்மா தப்பு இல்லை, சுவையான தப்பு, விடைத்தாளையே கொண்டுவர வேண்டும், பேரும் மார்க்கும் தெரியாதபடி மேல் ஓரத்தை மடித்துக்கொள்ள வேண்டும். படித்ததும் கனி டீச்சர் கைதட்டாத குறை. அவளிடம் தப்புக்கா பஞ்சம்? கட்டுக் கட்டாக இருக்கிறது. அதிலும் ஏழாம் வகுப்பு முத்தரசியின் தாள் இருக்கிறதே, அது தப்புக்கெல்லாம் மகாராணி. வெள்ளிக்கிழமை மணியடித்த பிறகு அவசர அவசரமாகக் கட்டிலிருந்து உருவி, பார்க்கக்கூடப் பார்க்காமல் மேல் ஓரத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இப்போது இரண்டாவது வரிசை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஆறு பேர், அப்புறம் அவள். தங்கமாரியப்பன் சார் எழுந்து நின்று, அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற மனுஷனுக்கு உரிய அலட்சியத்தோடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். ஆறு பேர் நான்கு நாளில் வெட்டும் கிணற்றை இருபத்துநாலு பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? பிள்ளை எழுதியிருக்கிறது: இருபத்துநாலு பேர் கூடினால் பேச்சுத்தான் நடக்கும், பத்து நாள் ஆகும். கூடம் கொல்லென்று சிரித்தது. மீரான் சாரும் சிரித்தார், சிரித்து முடித்துவிட்டு, காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். “சரி சார், இந்தப் பிள்ளை எந்த இடத்துல சரியா யோசிச்சிருக்கு?” தங்கமாரியப்பன் சார் கொஞ்சமும் அசரவில்லை. “சார், எங்க வீட்டுக் கிணறு வெட்டுனப்ப அச்சு அசலா அப்படித்தான் நடந்துச்சு.” மறுபடி சிரிப்பு. கனியும் சிரித்தாள், ஆனால் உள்ளுக்குள் எரிச்சல். தப்பு என்றால் தப்பு, அதற்குள் போய்ச் சரியைத் தேடுவானேன், உமியைப் புடைத்து அரிசி தேடுகிற கதை. இந்த மீரான் சார் நல்ல மனுஷர்தான், அவளைவிடப் பத்து வயசு சின்னவர், மரியாதை தெரிந்தவர், சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில்தான் அதைச் சொன்னார், குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, “டீச்சர், அடுத்த வருஷத்துக்கு மாவட்டக் கருத்தாளர் ஒருத்தர் பேரை இன்னைக்கு அனுப்பணும். கேட்ட இடத்துலயெல்லாம் உங்க பேரைத்தான் சொல்றாங்க. மத்தியானம் நீங்க கொண்டுவந்ததைப் பாத்துட்டு எழுதிடறேன்” என்று. ஆறு வருஷம். ஆறு வருஷமாக அந்தப் பேர் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பில் பதினோரு வருஷம் தொடர்ந்து சென்டம் ரிசல்ட் காட்டியவள், வட்டாரமே ‘சென்டம் கனி’ என்று கூப்பிடுகிறவள், இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், அந்தப் பக்கம் நின்று பேசியதில்லை. இன்றைக்கு வாசல் வரை வந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரம், தாழியை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரிக்க வைக்க வேண்டும், பிறகு நறுக்குத் தெறித்தாற்போல ஒரு முடிவு சொல்ல வேண்டும், உட்கார்ந்துவிட வேண்டும். இன்னும் ஐந்து பேர்.

சொல்ல வேண்டியதை அவள் காலையில் குளிக்கும்போதே ஒத்திகை பார்த்தாகிவிட்டது. ஏழாம் வகுப்புக்கு வைத்த சின்னப் பரீட்சை, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது, ஐந்து கணக்கு, கணக்குக்கு இரண்டு மார்க், மொத்தம் பத்து. இதற்கு வழி ஒன்றுதான். இருபத்தாறு வருஷமாக அவள் வகுப்பில் பிள்ளைகள் கோரஸாகச் சொல்லுகிற வழி: ரெண்டாவதைத் தலைகீழாப் போடு, பெருக்கு, ஆளை விடு. அந்த ‘ஆளை விடு’வுக்குப் பிள்ளைகள் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டும், பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும். இந்த முத்தரசி என்ன செய்திருக்கிறாள்? தலைகீழாகப் போடவே இல்லை. முதல் கணக்கு, எட்டு பை பதினைந்தை இரண்டு பை மூன்றால் வகு. மகாராணி மேலே இருந்த எட்டை மேலே இருந்த இரண்டால் வகுத்து நான்கு என்று எழுதினாள், கீழே இருந்த பதினைந்தைக் கீழே இருந்த மூன்றால் வகுத்து ஐந்து என்று எழுதினாள், நான்கு பை ஐந்து, தீர்ந்தது வேலை. கொடுமை என்னவென்றால் விடை சரி. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலோடு மேலைக் கூட்டி, கீழோடு கீழைக் கூட்டி ஐந்தில் இரண்டு என்று கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளைகளை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள், அதே வியாதிதான் இது, கூட்டலில் வந்தது வகுத்தலுக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் அந்த வியாதிக்காரர்களுக்கு விடை தப்பாக வரும். இவளுக்கு ஐந்தும் சரி. வழி தெரியாத பிள்ளைக்கு ஐந்து விடையும் எப்படிச் சரியாகும்? பக்கத்து பெஞ்சு மகாலெட்சுமியின் தாளைப் பார்த்து. முடிந்தது வழக்கு. அந்த ஐந்தாவது கணக்குத்தான் சிகரம். இரண்டு பை மூன்றை ஐந்து பை ஏழால் வகுக்க வேண்டும். இரண்டில் ஐந்து போகாது, மூன்றில் ஏழு போகாது, திருடிக்கு முழி பிதுங்கியிருக்கும். உடனே இரண்டு பை மூன்றைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் எழுபது பை நூற்றைந்து என்று எதையோ எழுதி, எழுபதை ஐந்தால் வகுத்துப் பதினான்கு, நூற்றைந்தை ஏழால் வகுத்துப் பதினைந்து, பதினான்கு பை பதினைந்து என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். விடையைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து கட்டிய கதை! இதைச் சொல்லிவிட்டு, ‘இந்தப் பிள்ளை கணக்குக்கு வந்திருக்கக் கூடாது சார், சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போயிருக்கணும்’ என்று முடித்தால் கூடம் இடிந்து விழும். நினைக்கும்போதே உதடு துடித்தது. இன்னும் நான்கு பேர்.

ஒரே ஒரு ஓட்டைதான். தங்கமாரியப்பன் சார் சும்மா இருக்க மாட்டார், ‘விடைதான் சரியா வருதே கனிம்மா, அப்புறம் என்ன’ என்று ஒரு கொக்கி போடுவார். அதற்கு ஒரு கணக்குக் கையில் இருக்க வேண்டும், இந்தக் கள்ள வழி பல்லிளிக்கிற கணக்கு, போர்டில் போட்டுக் காட்டினால் வாயடைத்துப் போக வேண்டும். பயிற்சிக்குக் கொடுத்த நோட்டைத் திறந்து அவள் எழுதினாள், மூன்று பை நான்கு, வகுத்தல் இரண்டு பை ஐந்து. முத்தரசி வழியிலேயே போவோம். மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்றரை. நான்கை ஐந்தால் வகுத்தால் பூஜ்யம் புள்ளி எட்டு. ஒன்றரை பை புள்ளி எட்டு. பார்க்கவே அசிங்கமாக, பாதி கட்டிய வேட்டி மாதிரி இருந்தது, சபாஷ், இதுதான் வேண்டும். கை சும்மா இருக்குமா, கணக்கு டீச்சர் கை, புள்ளியைக் கண்டால் எடுக்கச் சொல்லும்; மேலும் கீழும் பத்தால் பெருக்கினாள். பதினைந்து பை எட்டு. இப்போது சட்டப்படி போட்டுக் காட்ட வேண்டியதுதான்: இரண்டாவதைத் தலைகீழாப் போடு, மூன்றைந்து பதினைந்து, நாலிரண்டு எட்டு. பதினைந்து பை எட்டு. பேனா நின்றது. அட. சரி, தற்செயல், குருட்டாம்போக்கு, எண்கள் சின்னவை, சின்ன எண்கள் அப்படித்தான் விளையாடும். கொஞ்சம் முரட்டு எண்ணாக எடுப்போம். பதினொன்று பை பதின்மூன்று, அதே இரண்டு பை ஐந்தால். பதினொன்றை இரண்டால் ஐந்தரை. பதின்மூன்றை ஐந்தால் இரண்டு புள்ளி ஆறு. பத்தால் பெருக்கினால் ஐம்பத்தைந்து பை இருபத்தாறு. தலைகீழாப் போடு, பதினொன்றைந்து ஐம்பத்தைந்து, பதின்மூன்றிரண்டு இருபத்தாறு. கழுத்துக்குப் பின்னால் மயிர்க்கால் குத்திட்டது. மின்விசிறிச் சத்தம் தூரப் போய்விட்டது, முன்னால் யாரோ எதற்கோ சிரித்தார்கள். பத்து. ரெண்டு தடவையும் பத்தால் பெருக்கினேனே, பத்து எங்கிருந்து வந்தது, இரண்டைந்து பத்து, வகுக்கிற பின்னத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் பெருக்கினால் பத்து. கடைசியில் பெருக்கியதை முதலிலேயே பெருக்கியிருந்தால்? மூன்று பை நான்கு என்பது முப்பது பை நாற்பது. முப்பதில் இரண்டு ஒழுங்காகப் போகும், பதினைந்து. நாற்பதில் ஐந்து ஒழுங்காகப் போகும், எட்டு. புள்ளியே வராது. அப்படியென்றால், அப்படியென்றால், இரண்டு பை மூன்று எழுபது பை நூற்றைந்தாக வேண்டுமானால் எதால் பெருக்க வேண்டும்? முப்பத்தைந்து. ஐயேழு முப்பத்தைந்து. வகுக்கிற பின்னம் ஐந்து பை ஏழு! “அடி ஆத்தி!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் கனி டீச்சர், முன்வரிசையில் இரண்டு தலை திரும்பியது.

எழுபது எங்கிருந்தும் வரவில்லை. ஐந்தும் ஏழும் ஒழுங்காகப் போக வேண்டும் என்று அந்தப் பிள்ளை உட்கார்ந்து யோசித்து, மேலும் கீழும் ஐயேழு முப்பத்தைந்தால் பெருக்கியிருக்கிறது, பின்னம் மாறாது, மதிப்பு மாறாது, ஆனால் வகுக்க வசதியாகிவிடும். பரீட்சை ஹாலில்! நாற்பது நிமிஷத்தில்! பன்னிரண்டு வயசு! கனிக்கு உட்கார முடியவில்லை, செருப்புக்குள் கால்விரல்கள் ஆடின, சேலைத் தலைப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி நோட்டில் பாய்ந்தாள். ஏன் வராது? பெருக்கும்போது மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் என்று நானேதானே தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தேன். வகுத்தல் என்பது என்ன, பெருக்கிப் போன பாதையிலேயே திரும்பி வருவது. போகும்போது மேலுக்கு மேல் என்றால் வரும்போதும் மேலுக்கு மேல்தானே. நான்கு பை ஐந்தை இரண்டு பை மூன்றால் பெருக்கினால் எட்டு பை பதினைந்து, திரும்பினால் நான்கு பை ஐந்து, இதில் கள்ளம் எங்கே, வியாதி எங்கே. கூட்டலில் செல்லாததால் எதிலும் செல்லாது என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது? எதிலும் இல்லை. நானாக நினைத்துக்கொண்டது. அப்புறம் அவள் அந்த எழுபதைப் பிரித்துப் போட்டாள், ஏனென்று தெரியாது, கை போட்டது. எழுபது என்பது இரண்டு, ஐந்து, ஏழு மூன்றையும் பெருக்கியது. அதை ஐந்தால் வகுத்தால் ஐந்து போய் இரண்டும் ஏழும் மிச்சம். நூற்றைந்து என்பது மூன்று, ஐந்து, ஏழு. அதை ஏழால் வகுத்தால் மூன்றும் ஐந்தும் மிச்சம். மேலே இரண்டோடு ஏழு நிற்கிறது, கீழே மூன்றோடு ஐந்து நிற்கிறது. கீழே இருந்த ஏழு மேலே போய்விட்டது, மேலே இருந்த ஐந்து கீழே வந்துவிட்டது. யாரும் தலைகீழாகப் போடவில்லை, தானாகவே தலைகீழாகி உட்கார்ந்திருக்கிறது! இருபத்தாறு வருஷமாக நான் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சொன்ன சட்டம் இங்கிருந்துதான் வந்ததா, இதுதானா அது, இவ்வளவுதானா, ஐயோ எவ்வளவு அழகு. எனக்கு யாருமே சொல்லவில்லையே. காலேஜில் சொல்லவில்லை, பி.எட்.டில் சொல்லவில்லை, எத்தனை பயிற்சி, எத்தனை வடை, ஒருத்தரும் சொல்லவில்லையே. சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்த எஸ்தர் டீச்சரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. “என்னக்கா, இப்படி வேர்த்து ஊத்துது?” என்று எஸ்தரே குனிந்து கேட்டாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இரு” என்றாள் கனி, குரல் உடைந்து சின்னப்பிள்ளைக் குரலாக வந்தது.

ஏன் டீச்சர் தலைகீழாப் போடணும்? அந்தக் குரல் இப்போதுதான் வந்தது, எங்கேயோ ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது போல. போன மாசம், இரண்டாவது பீரியட், எல்லாரும் பெஞ்சைத் தட்டி ஓய்ந்த பிறகு முத்தரசிதான் எழுந்து கேட்டாள், எண்ணெய் வடியும் இரட்டைச் சடை, ஒரு பக்க ரிப்பன் எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். அவளுக்கு என்ன பதில் சொன்னேன்? “அது ரூலு. ரூலுக்கு ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. உக்காரு.” உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து என்ன செய்திருக்கிறாள் பார், சும்மா இருக்கவில்லை, தனக்குத்தானே பதில் தேடியிருக்கிறாள், தேடிக் கண்டுபிடித்து, அதை டீச்சருக்குக் காட்டத்தான் ஐந்து கணக்கையும் அந்த வழியில் போட்டிருக்கிறாள், மற்ற வழி தெரியாததாலா, பெஞ்சைத் தட்டுகிற அந்தப் பாட்டு, வகுப்பில் ஒரு பிள்ளைக்காவது தெரியாமல் இருக்குமா! அதற்கு நான் என்ன கொடுத்தேன்? செவ்வாய்க்கிழமை. தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, “மகாலெட்சுமியப் பாத்துத்தான எழுதுன?” நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால். அவள் பேசவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பேசாததே திருட்டுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன். பையைத் தூக்கிக்கொண்டு கதவோரத்துத் தனி நாற்காலிக்குப் போகச் சொன்னேன், போனாள், புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அங்கேதான் இருந்தாள், கை தூக்கவே இல்லை. தாளின் மேலே, பேருக்குப் பக்கத்திலேயே, சிவப்பு மையில் எழுதியும் வைத்தேன், ‘யாரைப் பார்த்து எழுதியது?’ என்று. பக்கத்தில் பெரிய முட்டை, பத்துக்கு முட்டை. பெற்றோர் கையெழுத்து வாங்கி வா என்று வேறு அனுப்பினேன், அவள் அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர், பிள்ளை கணக்கில் கெட்டி என்று பள்ளிக்கூட வாசலில் வைத்து என்னிடமே பெருமை அடித்துக்கொண்டவர், அந்த முட்டைக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் பாருங்கள் மனசு செய்கிற அக்கிரமத்தை, அத்தனை வெட்கத்துக்கு அடியிலும் சந்தோஷம் போகவில்லை, இரண்டும் ஒரே அடுப்பில் கொதித்தன. எழுபது, நூற்றைந்து, ஐயேழு முப்பத்தைந்து, என் வகுப்பு, என் பிள்ளை! இன்னும் இரண்டு பேர். இல்லை, இல்லை, எஸ்தர் எழுந்துவிட்டாள், அடுத்தது நான்தான்.

எஸ்தர் என்னவோ சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள், மீரான் சார் அதே கேள்வியைக் கேட்டார், எதுவும் கனியின் காதில் ஏறவில்லை. இப்போது என்ன செய்வது? இந்தத் தாளைக் காட்டினால் இது தப்பு என்று சொல்ல முடியாது, சரி என்று சொன்னால், பிறகு எதற்கம்மா தப்பு என்று கொண்டுவந்தாய், மார்க் எத்தனை போட்டாய் என்று வரும், வராமல் இருக்குமா, தங்கமாரியப்பன் சார் விடுவாரா, சென்டம் கனி சரியான விடைக்கு முட்டை போட்டவள், பிள்ளையைத் திருடி என்றவள். திங்கட்கிழமைக்குள் நான்கு பள்ளிக்கூடத்து டீ நேரத்துக்கும் அவல் கிடைத்துவிடும். மாவட்டத்துக்குப் போகிற பேரா? அதை மறந்துவிட வேண்டியதுதான். கைப்பையில் வேறு தாள் இல்லையே. எஸ்தர் திரும்பி வந்து உட்கார்ந்து, கனியின் முகத்தைப் பார்த்தாள், என்ன புரிந்துகொண்டாளோ, ஃபைலிலிருந்து இன்னொரு மடித்த தாளை எடுத்து மடியில் வைத்தாள். “அக்கா, உங்களுது சரியில்லைனா இதச் சொல்லிருங்க. நான் ரெண்டு கொண்டாந்தேன். நாலு மூலையுள்ள வட்டம் வரைஞ்சிருக்கான் ஒருத்தன், நல்ல சிரிப்பு.” மகராசி. சமயசஞ்சீவி. நாலு மூலை வட்டத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பேரும் போய்ச் சேரும். திங்கட்கிழமை முத்தரசியைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல், மார்க்கை மாற்றிக் கொடுத்துவிடலாம், தலையைத் தடவிவிடலாம், ஒரு பேனா வாங்கிக் கொடுத்தால் பிள்ளை மறந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? தூக்கிப் பிடித்துத் திட்டியது நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால், மன்னிப்பு மட்டும் ஸ்டாஃப் ரூம் மூலையிலா? சீ. ஆனாலும் ஆறு வருஷம். ஆறு வருஷம். இரண்டு தாளும் மடியில் கிடந்தன, இரண்டும் ஒரே மாதிரி மேல் ஓரம் மடித்து. “அடுத்து நம்ம கனி டீச்சர்” என்றார் மீரான் சார். முன்வரிசையிலிருந்து தங்கமாரியப்பன் சார், “சென்டம் டீச்சர் வாராங்க, எல்லாரும் நிமிந்து உக்காருங்கப்பா” என்றார். அவள் எழுந்தபோது எந்தத் தாளை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. போர்டுக்குப் போய்ப் பார்த்தால் கையில் முத்தரசியின் கையெழுத்து இருந்தது, ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுகிற வழக்கம் அந்தப் பிள்ளைக்கு.

நின்ற பிறகு பயம் எங்கே போனதோ தெரியவில்லை. சாக்பீஸை எடுத்தாள், எடுத்ததும் கை சொந்த ஊருக்கு வந்துவிட்டது. ஐந்தாவது கணக்கைப் பிள்ளை போட்டபடியே போட்டாள், இரண்டு பை மூன்று, வகுத்தல் ஐந்து பை ஏழு, அடுத்த வரி எழுபது பை நூற்றைந்து, அடுத்த வரி பதினான்கு பை பதினைந்து. “இது சரியா, தப்பா?” நாற்பது குரலும் ஒன்றாக, “தப்பு!” யாரோ ஒருவர், “விடை சரி டீச்சர், வழி தப்பு” என்று திருத்தினார். “நானும் அதேதான் சொன்னேன்” என்றாள் கனி. “முட்டை போட்டேன். பாத்து எழுதுனியான்னு கேட்டேன். இப்ப, பத்து நிமிஷத்துக்கு முன்னாடி, அந்தா அந்த நாற்காலில உக்காந்து, இந்த வழி எங்க உதைக்கும்னு தேடுனேன் சார். எங்கயும் உதைக்கல. நீங்க தேடிப் பாருங்க.” பிறகு எப்படிச் சொன்னாள், எவ்வளவு நேரம் சொன்னாள் என்று கணக்கில்லை; முப்பத்தைந்தைச் சொன்னாள், எழுபதைப் பிரித்தாள், ஐந்து கீழே இறங்குவதையும் ஏழு மேலே ஏறுவதையும் அம்பு போட்டுக் காட்டினாள், குரல் ஏறிக்கொண்டே போனது, தலைப்பெல்லாம் சாக்பீஸ் தூள். “நம்ம தலைகீழாப் போடச் சொல்றோமே, ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உங்கள்ல எத்தன பேருக்குத் தெரியுமோ. இந்தப் பிள்ளை என்கிட்ட கேட்டுச்சு, நான் உக்காருன்னுட்டேன். உக்காந்து இதக் கண்டுபுடிச்சிருக்கு சார்!” கூடமெங்கும் பேனாக்கள் கரகரத்தன. பின்வரிசையில் ஒருவர், “அட ஆமாப்பா, எனக்கும் வருது” என்றார். தங்கமாரியப்பன் சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு, தாளிலிருந்து நிமிராமலே, “முப்பத்தாறு வருஷம் கனிம்மா” என்றார். மீரான் சார் பழக்க தோஷத்தில் அந்தக் கேள்வியை ஆரம்பித்தார், “சரி டீச்சர், இந்தப் பிள்ளை எந்த இடத்துல...” கனி முடிக்க விடவில்லை. “எல்லா இடத்துலயும் சார். நீங்க தப்பு ஒண்ணு கொண்டாரச் சொன்னீங்க, கொண்டாந்திருக்கேன், ஆனா அது பிள்ளையோடது இல்ல, என்னோடது.” அவர் கையில் மாவட்டத்துக்கு அனுப்புகிற தாள் இருந்தது, அதில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தாரா, இனிமேல் எழுதுவாரா, கனி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவள் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். மார்க்கை இங்கேயே, இவர்களுக்கு முன்னாலேயே திருத்திவிட வேண்டும், பெரிய வேலை ஒன்றும் இல்லை, முட்டைக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தால் பத்து. மேசை மேல் தாளை வைத்து மடிப்பைப் பிரித்தாள். பா. முத்தரசி, ஏழாம் வகுப்பு. சிவப்பு முட்டை. அதற்குக் கீழே அழுத்தி அழுத்திப் போட்ட அப்பாவின் கையெழுத்து. ‘யாரைப் பார்த்து எழுதியது?’ என்ற தன் கையெழுத்து, என்ன ஒரு திமிர்பிடித்த கையெழுத்து. அதற்கு அடியில், இதுவரை அவள் பார்த்தே இராத இரண்டு வரி பென்சிலில் இருந்தது, புதன்கிழமையே பிள்ளை எழுதிக் கொடுத்தது, மூன்று நாளாகக் கட்டுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் கிடந்தது. கனி கோட்டை இழுத்துப் பத்தாக்கினாள், பிறகு அந்த வரிகளை உரக்கப் படித்தாள், படிக்கத்தானே வேண்டும். “யாரையும் பாக்கல டீச்சர். நானாத்தான் போட்டேன். நம்பலைன்னா வேற கணக்கு குடுங்க, உங்க முன்னாடியே போடுறேன்.” கண்ணுக்குள் எல்லாம் கலங்கிப் போனது, எதிரே இருந்த நாற்பது பேரும் வகுப்பின் கதவோரத்து நாற்காலியும் ஒன்றாகத் தெரிந்தன. “குடுக்கேன் தாயி” என்றாள் சண்முகக்கனி டீச்சர், அந்தக் கூடத்தில் யாருமே இல்லாதது போல. “திங்கக்கிழமை, மொத பீரியடு, எல்லாருக்கும் முன்னாடி, போர்டுல வந்து போடு. நான் உக்காந்து பாக்கேன்.”